பாசிக்குடாவின் வெளுத்த கல்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கடந்த வார இறுதிப் பதிப்பில், கிழக்கிலங்கையின் பாசிக்குடாக் கடலின் அடியில் எடுத்த வர்ணப் படம் ஒன்று அரைப் பக்க அளவில் வெளிவந்திருந்தது. "வெண்பளிங்காய் மின்னும் முருகைக் கற்கள், உல்லாசப் பயணிகள் பரவசம்" என்று அதன் கீழ் எழுதியிருந்தீர்கள். படம் எடுத்தவரின் கைவண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீரின் தெளிவும் வெயில் அடிவரை இறங்கும் விதமும் அப்படியே விழுந்திருந்தன. ஆனால் அது நோயாளி ஒருவரின் படம் என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமல் விடுவது முறையாகாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கல்குடாவில் பிறந்து, இப்பகுதிப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருளுங்கள். "சுருக்கி எழுது" என்று காலமெல்லாம் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் எழுதியவர்களுக்குத் தாங்கள் எழுதும்போது சுருக்க வருவதில்லை.

முருகைக்கல், அதாவது பவளப்பாறை, என்று நாம் பெயர் வைத்திருப்பது ஓர் உயிரினக் கூட்டத்தின் வீட்டுக்கு. கடுகளவிலிருந்து விரல்நுனி அளவு வரையான, பூப்போன்ற வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட மெல்லுடல் விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலிருந்து கல்சியம் காபனேற்றைப் பிரித்தெடுத்துத் தமக்குக் கீழே கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் கூடுதான் அந்தக் கல். அவ்விலங்கின் சதை கண்ணாடி போன்றது. தனக்கென்று பெரிதாக நிறம் இல்லை. நாம் காணும் தவிட்டு நிறமும் பச்சையும் ஊதாவும் பெரும்பாலும் அந்தச் சதைக்குள் குடியிருக்கும் நுண்ணிய ஒருகல உயிர்களான அல்காக்கள் தருபவை. குடியிருப்பவர்கள் வாடகையைத் தாராளமாகவே செலுத்துகிறார்கள்: வெயிலைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறார்கள். முருகை விலங்குக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இப்படித்தான் கிடைக்கிறது.

கடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது இந்த உறவு முறிகிறது. வெப்பமும் கடும் வெயிலும் சேர்ந்தால் அல்காவின் ஒளித்தொகுப்புப் பொறிமுறை பழுதடைந்து நச்சுத்தன்மையான ஒட்சிசன் வடிவங்களை வெளிவிடத் தொடங்குகிறது. முருகை விலங்கு வேறு வழியின்றித் தன்னைப் போஷித்தவர்களையே வெளியே தள்ளிவிடுகிறது. அல்கா போன பின், கண்ணாடிச் சதைக்கு ஊடாக அடியிலுள்ள சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. தங்கள் படத்தில் மின்னியது அந்த எலும்பு. இதற்கு வேண்டிய சூடு நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஓர் இடத்தின் மிகச் சூடான மாதத்துக்கு வழமையான வெப்பநிலையைவிட 1 பாகை செல்சியஸ் கூடி, அது நாலைந்து கிழமை நீடித்தால் வெளிறல் தொடங்கிவிடும். நமக்குக் காய்ச்சல் என்றால் எப்படியோ, முருகைக்கும் அப்படியே. 37 பாகைக்கும் 39 பாகைக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகோலில் பார்த்தால் சிறிது, பாயில் கிடப்பவருக்குச் சிறிதன்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கடிதம் முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. வெளுத்த முருகை இறந்த முருகை அன்று. அது பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால், சில கிழமைகளுக்குள் அல்கா மீண்டும் குடியேறி, நிறம் திரும்பி, அது பிழைத்துக்கொள்ளலாம். சூடு தணியாவிட்டாலோ, தணிந்தும் வேறு தொல்லைகள் வந்து சேர்ந்தாலோ சதை அழுகிக் கழன்றுவிடும். பிறகு அந்த எலும்பின் மீது பாசி படரும். பாசிக்குடா என்ற பெயரில் பாசியும் கல்குடா என்ற பெயரில் கல்லும் ஏற்கெனவே இருக்கின்றன. கல் வெல்லுமா பாசி வெல்லுமா என்பது அந்தச் சில கிழமைகளில் முடிவாகிற விடயம்.

சென்ற வைகாசியில் மச்சான் ஒருவரின் வள்ளத்தில் காயங்கேணிப் பாருக்கு, அதாவது முருகைக்கற்கள் சேர்ந்த கடலடித் திட்டுக்கு, போயிருந்தேன். அவர் நாற்பது வருடமாக அந்தப் பக்கத்தில் தூண்டில் போடுபவர். விஞ்ஞானப் புத்தகம் எதையும் தொட்டவர் அல்லர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "பாரெல்லாம் வெளுத்துக் கிடக்குகா, மறுகா வந்தா மீன் இரிக்காது" என்று மட்டும் சொன்னார். முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீருக்குள் குனிந்தேன். மான்கொம்பு போலக் கிளைத்த முருகைகள் முழுவதும் வெள்ளை. அவற்றுக்குள்ளே இரண்டொரு இடத்தில் கண் கூசுமளவு நீலமும் இளஞ்சிவப்புமாக ஒளிர்ந்தன. அந்த ஒளிர்வும் அழகுக்காக வருவதன்று. அல்காவை இழந்த சில முருகைகள் வெயிலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் நிறப்பொருள் அது. உருண்டைக் கற்கள் மேற்புறத்தில் மட்டும், தலைக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறி, நிழல் விழும் பக்கத்தில் இன்னும் தவிட்டு நிறமாகவே இருந்தன. கிளைகளுக்கிடையில் சின்ன மீன்கள் வழக்கம்போல் ஓடித் திரிந்தன. வீடு தீப்பிடித்தது தெரியாத பிள்ளைகளைப் போல.

ஆடி நடுப்பகுதியில் மறுபடியும் போனோம். உருண்டைக் கற்களில் பாதிக்கு மேல் நிறம் திரும்பியிருந்தது. கொம்பு முருகைகளில் பெரும்பாலானவற்றில் பழுப்பும் பச்சையுமாக மெல்லிய மயிர் முளைத்திருந்தது. ஒன்றின் நுனியை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். நனைந்த தும்புபோல வழுவழுத்தது. முன்பு அங்கே தலையை நீருக்குள் வைத்தால், சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் ஓயாமல் கேட்கும். முருகையிடுக்குகளில் வாழும் சிறு இறால்கள் தம் கொடுக்கை முறுக்கிச் சொடுக்கும் ஒலி அது. அன்று அந்தச் சத்தம் வெகுவாகத் தணிந்திருந்தது. வாவியில் மீன் பாடுகிறது என்று பெருமை பேசும் ஊர் நம்முடையது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியில் போய்த் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலுக்குள்ளும் ஒரு பாட்டு உண்டென்பதையும், அதற்கு ஒரு பயன் உண்டென்பதையும் அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆழ்கடலில் மிதந்து வளரும் மீன்குஞ்சுகள் தாம் குடியேற வேண்டிய பாரைத் தேடி வருவதற்கு அந்த ஒலியையும் வழிகாட்டியாகக் கொள்கின்றன. பார் ஊமையானால், வர வேண்டிய குஞ்சுகளில் பல வழிதவறிப் போகும்.

இனி, இது எங்கிருந்து வருகிறது என்பது பற்றி. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர் வளிமண்டலத்தில் சேர்த்த காபனீரொட்சைட்டினால் பூமியில் தங்கிவிடும் மேலதிக வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. நாம் காற்றில் உணரும் வெக்கை மீதிச் சொற்பம். உலகக் கடல்களுள் வேகமாகச் சூடேறிவருபவற்றில் இந்து சமுத்திரமும் ஒன்று. அதன் வெப்பவலயப் பகுதியின் மேற்பரப்பு 1950 முதல் 2020 வரை நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.2 பாகை செல்சியஸ் என்ற வேகத்தில் சூடேறியிருக்கிறது. இந்தப் படிப்படியான ஏற்றத்தின் மேல், பசிபிக் சமுத்திரம் வழமையைவிடச் சூடேறும் எல் நினோ வரும் ஆண்டுகளில் இன்னொரு படி ஏறுகிறது. 1998, 2010, 2014 முதல் 2017 வரை, பின்பு 2023இல் தொடங்கியது என்று உலகளாவிய வெளிறல்கள் நான்கு பதிவாகிவிட்டன. நான்காவதை 2024 சித்திரையில் அறிவித்தார்கள். உலகின் முருகைப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் அதன் வெப்பத்தில் அகப்பட்டது. இதைவிடப் பெரியது இதுவரை பதிவாகவில்லை.

இந்த ஆண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்குமாறு கேட்கிறேன். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரிய பாரில், 1998இல் ஆழம் குறைந்த பகுதிகளிலிருந்த முருகை ஏறத்தாழ முழுவதும் செத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுத்து அது மெல்ல மெல்லத் தளிர்த்து வந்தது. 2016இல் மறுபடியும் வெளிறி விழுந்தது. கிளை முருகை விரைவாக வளரக்கூடியது, நல்ல ஆண்டில் ஒரு சாண் வரைகூட நீளும். உருண்டைக் கல் ஆண்டுக்கு ஒரு சென்றிமீற்றர் அளவில்தான் தடிக்கும்; அப்படியென்றால் இடுப்பளவு உயரமான ஒன்று நம் கொள்ளுப்பாட்டன் காலத்தில் முளைத்தது. வெள்ளத்தில் வீடிழந்தவர் கூரை போட்டு முடிப்பதற்குள் அடுத்த வெள்ளம் வந்தால் எப்படி இருக்குமோ, பார்களின் நிலை இன்று அப்படித்தான் இருக்கிறது. 1998இல் மேற்கிலும் தெற்கிலும் கற்கள் செத்தபோது திருகோணமலைப் பக்கம் தப்பியது. அந்த நினைவில் "நம் கடல் வேறு, நமக்கு வராது" என்று கிழக்கில் இன்றும் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைகாசியில் ஒருமுறை காயங்கேணிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

வெப்பத்துக்கு அடுத்தது அமிலத்தன்மை. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பீஎச் பெறுமானம் (இது குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) இப்போது 8.1 அளவில் இருக்கிறது. 0.1 தானே என்று மாணவர் கேட்பார்கள். அது மடக்கை அளவீடு என்பதால் ஐதரசன் அயன்களின் செறிவில் இது 30 சதவீதம் வரையான அதிகரிப்பு. வகுப்பில் முருகைத் துண்டின் மேல் எலுமிச்சம் சாறு விட்டு நுரைப்பதைக் காட்டியிருக்கிறேன். ஆனால் கடலில் அப்படி நுரைத்துக் கரைவதாகப் பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். கடல் இன்றும் காரத்தன்மை கொண்டதுதான். நீரில் கிடைக்கும் காபனேற்று அயன்கள் குறைவதால் கல் கட்டும் வேலை கடினமாகிறது. மேசனுக்குச் சீமெந்து பாதிப் பை மட்டும் கொடுத்து அதே சுவரைக் கட்டச் சொல்வது போன்றது.

சுண்ணாம்பு என்றதும் நான் மறைக்கக்கூடாத குடும்பக் கதை ஒன்று இருக்கிறது. என் தாய்வழிப் பாட்டனார் முருகைக்கல் எடுத்துச் சுண்ணாம்புச் சூளை வைத்தவர். பொழுது சாயும்போது விறகும் கல்லும் மாறிமாறி அடுக்கித் தீ மூட்டினால் விடியும்வரை எரியும்; மறுநாள் தண்ணீர் தெளித்து நீற்றும்போது ஆவி பறக்கக் கற்கள் பொலபொலவென்று உதிர்ந்து வெண்தூளாகும். அந்தச் சுண்ணாம்பில்தான் எங்கள் வீட்டுச் சுவர் எழுந்தது. பாட்டியின் வெற்றிலைத் தட்டத்திலும் அதுவே இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கல் முடிந்துபோகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, மீண்டும் முளைக்க ஒரு மனித ஆயுள் ஆகும் என்றும் சொல்லவில்லை. பின்னாளில் இரசாயனம் படித்தபோது இன்னொன்றும் புரிந்தது: கல்சியம் காபனேற்றைச் சுட்டால் சுண்ணாம்பு மிஞ்சும், காபனீரொட்சைட்டு வெளியேறும். விறகிலிருந்து வந்தது போக, கல்லுக்குள் கடல் பூட்டி வைத்திருந்ததையும் சேர்த்து வானத்துக்கு அனுப்பியிருக்கிறார் என் பாட்டனார். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும் கரையோர வலயத்தில் கல் அகழ்வதற்கும் சூளை வைப்பதற்கும் தடைபோட்டன. தடை ஒரே நாளில் நடைமுறைக்கு வந்துவிடவில்லை என்பதை எங்கள் பகுதியினர் அறிவார்கள்.

கல்லை எடுத்ததன் விலையை நாடு 2004 மார்கழி 26ஆம் திகதி கண்டது. ஹிக்கடுவையில் பார் எஞ்சியிருந்த இடத்தில் சுனாமி அலை 2 முதல் 3 மீற்றர் உயரத்தில் வந்து கரையிலிருந்து 50 மீற்றர் அளவில் நின்றது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, பல்லாண்டுகள் கல் அகழப்பட்ட பெரலியவில், 10 மீற்றர் அலை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. ரயில் கவிழ்ந்தது அங்கேதான். சுனாமியின் உயரத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் பல என்பதை அறிவேன். நாவலடியிலும் கல்லாற்றிலும் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் வாசிக்கும் பத்திரிகையில் ஒற்றைக் காரணம் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் சாதாரணமான மாரிக் கடலின் அலைக்கு முருகைப் பார் என்ன செய்கிறது என்பதில் ஐயமில்லை: கரையை அடையுமுன் அலையின் சக்தியில் சராசரியாக 97 சதவீதத்தை அது உடைத்துவிடுகிறது. பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் குழந்தைகளை விட்டுவிட்டு நாம் கரையில் அமர்ந்திருக்க முடிவது அப்பால் இருக்கும் கல்லின் தயவால். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட தலைமுறைக்கு, கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் அந்தக் கல் இல்லாமற் போவதென்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடற்றொழிலாளருக்கு இது இன்னும் கிட்டத்து விடயம். உலகக் கடலடியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் இருக்கும் பார்கள், கடல்வாழ் இனங்களில் நாலில் ஒன்றுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வீடாகின்றன. விளைமீன், கலவாய், ஓரா, சிங்க இறால் என்று வாழைச்சேனைச் சந்தையில் நல்ல விலை போகும் பலதும் பாரை நம்பியவை. பெரிய பலநாட் கலம் வைத்திருப்பவர் சூரையைத் தேடி எவ்வளவு தூரமும் போவார். எட்டுக் குதிரைவலு இயந்திரத்தோடு விடியற்காலையில் போய்ப் பத்து மணிக்குத் திரும்புபவர் போகமாட்டார். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது, பார் கிட்டத்தில் இருப்பதன் பெறுமதி அவருக்குக் கணக்காகவே தெரிந்தது.

இதற்கெல்லாம் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் இரு வகை. ஒரு சாரார், இது வல்லரசுகள் செய்த வினை, நாம் ஏன் அனுபவிக்க வேண்டும் என்பார்கள். வினையைப் பற்றிய வரை அவர்கள் சொல்வது சரி. இலங்கையர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு என்பது உலகச் சராசரியில் நாலில் ஒரு பங்கைக்கூட எட்டாது. புவி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் வெப்பவலய முருகைகளில் 70 முதல் 90 சதவீதமும், 2 பாகை உயர்ந்தால் 99 சதவீதத்துக்கு மேலும் அழியும் என்று காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2018இல் எழுதியது, அந்த 1.5 பாகையை 2024ஆம் ஆண்டின் சராசரி ஏற்கெனவே தொட்டுத் தாண்டிவிட்டது. இதைக் குறைப்பதற்கான பேச்சில் நம் நாட்டின் குரல் இன்னும் உரத்து ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மறுசாரார், கல் போனால் வேறு கல் போடலாம் என்பார்கள். 1942 சித்திரை 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மிஸ் நம் கடலில் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அதில் முருகை வளர்கிறதே என்று காட்டுவார்கள். வளர்வதில் பெரும்பகுதி கல் கட்டாத மென்முருகை. பார் கட்டும் முருகைக்கு வேண்டிய வெயில் அந்த ஆழத்துக்கு இறங்குவது அரிது. 2021இல் வடகடலில் பழைய பஸ்களை இறக்கியது போன்ற முயற்சிகளில் மீன் கூடலாம். பஸ்ஸுக்குள் இருக்கும் நீரும் அதே சூடான நீர்தான்.

நான் கேட்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறிய விடயம். சூட்டை நம்மால் தணிக்க முடியாது. சூடு வரும் கிழமைகளில் பட்டினி கிடக்கும் முருகையை மிதிக்காமல் இருக்க முடியும். நம் கரையின் துரதிர்ஷ்டம் என்னவென்றால், கடல் மிகச் சூடாகும் சித்திரை, வைகாசி மாதங்களில்தான் கடல் அமைதியாகிறது, பாடசாலை விடுமுறை வருகிறது, விடுதிகள் நிரம்புகின்றன. மேற்கே வெயிலும் அலையும் ஒன்றையொன்று சற்றுச் சமன்செய்யும். இங்கே குளம்போல் கிடக்கும் நீரில் வெயில் தடையின்றி இறங்குகிறது. அதே நாட்களில்தான் ஆழம் குறைந்த பாரில் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் நங்கூரம் போடுகின்றன. சென்ற ஆண்டு நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே உல்லாசப் படகொன்றின் நங்கூரக் கயிறு இழுபட்டு, மேசையளவு பரந்த முருகைத் தட்டொன்றைப் புரட்டிப் போட்டது. படகுக்காரப் பிள்ளை என் பழைய மாணவனுக்கு உறவு, திட்டினேன். "சேர், வேற எங்க கட்டுறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பாருக்கு வெளியே மணற்பாங்கான இடத்தில் நிரந்தர மிதவைகள் நான்கைந்து போட்டால் அவன் அதில் கட்டுவான். காயங்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அறிவித்தல் இருக்கிறது, கட்டுவதற்கு மிதவை இல்லை.

அடுத்தது, பாசியைத் தின்பவர்களைப் பற்றி. செத்த கல்லில் பாசி முளைப்பதை முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் கிளிமீனும் ஓராவும் அதை ஆடு புல் மேய்வதுபோல் மேய்ந்து கல்லைத் துப்புரவாக வைத்திருந்தால் புதிய முருகைக் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். கிளிமீன் கல்லோடு சேர்த்துக் கடித்து, அரைத்து, மணலாகக் கழிக்கும். பெரிய இனத்தில் ஒன்று ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட மணலைத் தரும். உல்லாசப் பயணத்துறை விற்கும் வெண்மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றிலிருந்து வந்தது என்பதை விடுதிக்காரர்கள் அறிந்தால் அதை வறுத்துத் தட்டில் வைக்கச் சற்றுத் தயங்குவார்கள் என்று நம்புகிறேன். இரவில் கிளிமீன் கல்லிடுக்கில் அசையாமல் தூங்கும். அப்போது மின்விளக்கோடு இறங்கி ஈட்டியால் குத்துவது தோட்டத்தில் கத்தரிக்காய் பறிப்பதைவிட எளிது. வெளிறல் ஆண்டில் சித்திரை முதல் ஆவணி வரையாவது இந்த இரவு வேட்டையை நிறுத்திவைப்பதாகக் கடற்றொழிலாளர் சங்கங்கள் தாமே தீர்மானம் எடுத்தால், சட்டத்தைவிட அது வலிது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடைசெய்த டைனமைற் இன்னும் சில இடங்களில் வெடிக்கும் நாட்டில், சட்டத்தின் மேல் மட்டும் பாரத்தைப் போட எனக்கு மனமில்லை.

கரையிலிருந்து வருவதும் கணக்கில் சேர வேண்டும். கழிவுநீரிலும் வயல் உரத்திலும் உள்ள நைதரசனும் பொசுபரசும் பாசிக்குப் பசளை. கட்டுமான மண் கலங்கி வந்து படிந்தால் முருகையின் வாய் அடைபடும். கடற்கரையோரக் கட்டடம் ஒன்றிலிருந்து சாம்பல் நிற நீர் மணலில் கோடிட்டுக் கடலுக்குள் போவதை நான் கண்டு முறையிட்டபோது, "மழைத்தண்ணி" என்று பதில் வந்தது. அந்த மாதம் மழையே பெய்யவில்லை. வெயிலுக்குப் பூசும் களிம்பிலுள்ள ஒட்சிபென்சோன் போன்ற பொருட்கள் முருகைக்கு ஆகாதவை என்று பலாவு என்ற சிறு தீவு நாடு 2020 தை முதல் அவற்றைத் தடைசெய்தது. நம் கரையில் அது பெரும் பிரச்சினை என்று நான் சொல்லவரவில்லை. சிறிய நாடு ஒன்று தன் கையிலிருப்பதைச் செய்தது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

கடைசியாக, தங்கள் பத்திரிகையால் மட்டுமே செய்யக்கூடிய இரண்டு காரியங்கள். செய்மதி மூலம் கடலின் மேற்பரப்பு வெப்பநிலையை அளந்து, எங்கே எத்தனை கிழமையாகச் சூடு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் வரைபடங்கள் நாள்தோறும் இலவசமாக இணையத்தில் வெளியாகின்றன. ஆனால் அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, படகுக்காரப் பிள்ளைகளின் கைக்கு வருவதில்லை. தாங்கள் வானிலைப் பகுதியில் மழைக்கும் காற்றுக்கும் இடம் ஒதுக்குகிறீர்கள். பங்குனி முதல் ஆனி வரை அதற்குக் கீழே ஒரே ஒரு வரி, "கிழக்குக் கடல்: வழமையைவிட இத்தனை பாகை கூட, இது இத்தனையாவது கிழமை" என்று போட்டால், எந்த வாரத்தில் பாரை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பது தேநீர்க் கடையில் பத்திரிகை வாசிப்பவருக்கும் தெரிந்துவிடும்.

மற்றது அந்தப் படம். அதை எடுத்த தம்பி எந்த இடத்தில், எந்தக் கல்லுக்கு முன் நின்று எடுத்தார் என்பது அவருக்கு நினைவிருக்கும். ஆவணி முதல் வாரத்தில், கச்சான் காற்று விடாமல் அடித்தாலும் காலையில் நீர் தெளிவாக இருக்கும் நாளொன்றில், அதே கல்லை அதே பக்கத்திலிருந்து மறுபடி எடுத்து, இரண்டையும் அருகருகே அரைப் பக்கத்தில் போடுங்கள். நிறம் திரும்பியிருந்தால் அதையும் மகிழ்ச்சியோடு எழுதுங்கள். மச்சானின் வள்ளத்தில் ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது. மண்ணெண்ணெய்ச் செலவு என்னுடையது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கல்குடா